நாலாவது ரொட்டி

தட்டில் நான்கு தேங்காய் ரொட்டி. மேலே மாஜரின் உருகி வழிந்தது. பக்கத்தில் டின்பால் ஊற்றிய டீ.

எதிரே பலகையில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். இனித் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

பிரியந்திக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூறாம் ஆண்டு, ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து, கொழும்பில் இரண்டு வருடம் மருந்தேற்றிப் பிழைத்தவள். நோய் விட்டது, ரொட்டி விடவில்லை.

ஒரு வாய் மிச்சம் வைத்தால் போதும், அம்மா சண்முகவடிவின் கை மகளின் நெற்றிக்கு வரும். பிறகு தாடைக்கடியில் கட்டி இருக்கிறதா என்று தடவும். அன்று நோய் தொடங்கியதே ரொட்டியைத் தள்ளி வைத்ததில்தான். அந்தக் கை கட்டி தேடுவதைப் பொறுப்பதைவிடத் தின்று தொலைப்பது சுலபம்.

கொஞ்ச நாள் ஜன்னல் வழியே வீசிப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து நாய் கொழுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அம்மா எதிரே உட்கார ஆரம்பித்தாள்.

இப்போது மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் டிக்கோயா கிளினிக்கில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தக் காலத்து மருந்தால் இதயம் களைத்துப் போயிருக்கிறது, இரத்தத்தில் சீனியும் ஏறியிருக்கிறது, இப்படியே தின்றால் தாங்காது. எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். தின்றால் தன் உயிருக்குக் கேடு, தின்னாவிட்டால் அம்மா உயிர் போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மூன்றை விழுங்கிவிட்டாள். நாலாவதைக் கையில் எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மறு கையால் சட்டைக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, தலை நிமிராமல் படித்தாள். மாஜரின் வேண்டாம். டின்பால் வேண்டாம். சீனி வேண்டாம். ரொட்டி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

நெற்றிக்கு வரப்போகும் கைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

“வேணாம்னு டாக்டரே சொன்னாங்களா புள்ள?”

தலையாட்டினாள்.

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

“ஒன்னைய கொழும்புலருந்து கூட்டியாறப்ப, கேக்குறதெல்லாம் குடுங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. ஒங்க வீரய்யா மாமாவுக்கும் அதத்தான் சொன்னாங்க, பத்தாம் நாள் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டோம். போகப்போற புள்ள பசியோட போகக்கூடாதுன்னுதான் போட்டேன். பத்தியம் பொழைக்கிறவளுக்குத்தானே சொல்லுவாங்க!”

பதினாலு வருடம். ஒவ்வொரு வேளையும் கடைசி வேளை.

அம்மா எட்டி, மகள் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கினாள். அங்கேயே பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள்.

எதிரே உட்கார்ந்து அம்மா சாப்பிடுவதைப் பிரியந்தி அன்றுதான் பார்த்தாள்.