அம்மாவின் பதில்முகம்

மெல்போர்னில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகுதான் இங்கே என் மாலை வகுப்பு முடிகிறது. அந்த நேரத்தில் வீடியோவில் பேச அம்மாவைப் போலவே பதில் சொல்லும் கணினி உருவம் ஒன்றை, அவளுடைய பதில்முகத்தை, அமைத்திருக்கிறேன். அம்மாவின் முகம், குரல், அவள் கைக்கடிகாரம் பதிந்து அனுப்பும் பகல் நடப்புகள், பேச்சுகள் எல்லாம் அதனிடம் இருக்கும். இது அம்மாவோடு பேசுவதாகுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நேற்று வழக்கம்போல, "உடம்பு எப்படிம்மா?" என்றேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், பூவிழி. இடுப்பு வலிக்குது. அப்பாகிட்டகூடச் சொல்லலை."

நிஜ அம்மா ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. பதறிப்போய் போன் செய்து அண்ணனை எழுப்பினேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் இடுப்பெலும்பில் விரிசலாம். அதோடு நடமாடியிருந்தால் முறிந்திருக்கும் என்றார்களாம் டாக்டர்கள்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவே வீடியோவில் கூப்பிட்டாள்.

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னையே காட்டிக்கொடுத்துட்டா பாரு, எவ்வளவு திமிரு அவளுக்கு!"

"அவளைத் திட்டாதம்மா. எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

அம்மா முகத்தைச் சுளித்து, "ரொம்ப வலிக்குதுடி" என்றாள்.

எங்கெல்லாம் என்று கேட்டேன். நர்ஸ் வந்து போனை வாங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.