முதல் ஹூபர்

ஓஹையோ காட்டைத் திருத்திய முதல் ஜெர்மானியர்களில் ஒருவர் தன் முன்னோர் என்பதில் வெர்னன் ஹூபருக்குப் பெருமை தாளாது. தேவாலயப் பதிவுகளைத் தேடியெடுத்து, மரபணுவுக்குத் தன் ரத்தமும் கொடுத்து, முன்னோர்களை எழுப்பித் தரும் நிறுவனம் மூலம் அவரை வரவழைத்துவிட்டார். விருந்து மேசையின் முதல் நாற்காலியில் யோஹான் ஹூபர் ஒளியுருவாக அமர்ந்திருந்தார். அவர் பேச்சு கேட்பவர்களுக்கு அவரவர் மொழியில் கேட்டது.

"எப்படி வந்தீர்கள், தாத்தா? இவர்களுக்குச் சொல்லுங்கள்."

"கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லையப்பா. துறைமுகத்திலேயே ஒருவன் பணத்தைக் கட்டி என்னை வாங்கினான். ஏழு வருஷம் அவன் வீட்டு வேலை."

விருந்தினர்கள் உச்சுக்கொட்டினார்கள். சூப் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்ற அமராவதியை யோஹான் பார்த்தார்.

"நீ வந்ததற்கு யாரம்மா பணம் கட்டினது?"

அவள் வெர்னனைப் பார்த்தாள். "ஐயாதான்."

"இன்னும் எத்தனை வருஷம்?"

"நாலு. ஒரு தடவை ஓடிப்போனேன், அதுக்கு ஒண்ணு கூட்டிட்டாங்க."

வெர்னன் தன் தட்டையே பார்த்தார். யோஹான் அவசரமாக எழுந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அமராவதியின் பக்கத்தில் போய் நின்றார்.

"உட்காருங்கள், தாத்தா" என்றார் வெர்னன்.

"இருக்கட்டும். எஜமான் முதலில் சாப்பிடுங்கள்."