வாங்காத சேலை

“வேற காட்டட்டுமா அக்கா?”

தக்கலையில் ஒரு துணிக்கடையின் மாடியில், பிரைட்டன் என்ற விற்பனையாளன் இப்படிக் கேட்டபோது ஷெர்லி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். மேசைமேல் சேலைகள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் அவள் கேட்டு, அவன் எடுத்து விரித்தவை. அதில் ஒன்றைக்கூட அவள் வாங்கப் போவதில்லை. வாங்கக் கூடாது என்பது அஸ்வதியின் கண்டிப்பான உத்தரவு.

அஸ்வதி, நாகர்கோவிலில் மனநல ஆலோசகர். ஷெர்லி, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். ஆனால் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கச் சொல்லி தலைமையாசிரியை வருஷா வருஷம் கூப்பிட்டும் அவள் நழுவிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் ஏதாவது கேட்டு, தனக்குப் பதில் தெரியாமல் போய்விட்டால்?

யாரிடமாவது நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால், தப்பாக எதையாவது சொல்லிவிட்டோமோ என்று தூக்கம் வராமல் புரளுவாள். கடைக்காரரின் முகம் வாடிவிடுமே என்று அழுகின தக்காளியையும் வாங்கிக்கொண்டு வருவாள். நெஞ்சு படபடக்கிறது என்று இதய டாக்டரிடம் போனாள். அவர் எல்லாம் சோதித்துப் பார்த்து, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அஸ்வதியிடம் அனுப்பினார்.

கணவன் ஜான்ரோஸுக்கு இது பிடிக்கவில்லை. சும்மா பேசுவதற்கு நாகர்கோவில் வரை போகணுமா, வீட்டில் நான் ஒருத்தன் இருக்கிறேனே என்று கேட்டான். ஆனால் வீட்டுக்கு அழுகின தக்காளி வருவது நின்றபிறகு, அவனே அவளை பைக்கில் கொண்டுபோய் விட ஆரம்பித்தான்.

அஸ்வதி மருந்து எதுவும் தரவில்லை. வேலைதான் கொடுத்தாள். பயப்படுகிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, பயந்தபடிதான் நடக்கிறதா என்று ஷெர்லியே பார்க்க வேண்டும். முதலில், டீக்கடையில் ஆறிப்போன டீயை மாற்றித் தரச் சொல்வது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் மாற்றித் தந்தார். வானம் இடிந்து விழவில்லை. பிறகு, ஸ்டாஃப் ரூமில் மனசில் பட்டதைச் சொல்வது. இரண்டு பேர் ஆமாம் என்றார்கள், ஒருத்தி முறைத்தாள். அதையும் தாங்க முடிந்தது.

இப்போது இது. சேலைகளை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வர வேண்டும். மன்னிப்புக் கேட்கக் கூடாது. பர்ஸை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் கூடாது.

“அந்தப் பையன் என்னப் பத்தி என்ன நினைப்பான் மேடம்?” என்று ஷெர்லி கேட்டதற்கு அஸ்வதி, “நினைச்சிட்டுப் போட்டும். நீங்க படியிறங்கி வாங்க, அது போதும்,” என்று சொல்லியிருந்தாள்.

ஷெர்லி மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

“வேண்டாம் தம்பி. எனக்கு ஒண்ணும் பிடிக்கல.”

இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். அவன் கெஞ்சுவான். தள்ளுபடி தருவான். கிறிஸ்துமஸுக்கு வந்த புதுச் சரக்கு என்பான். அத்தனைக்கும் பதில் தயாரித்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“சரிக்கா,” என்றான் பிரைட்டன். அவ்வளவுதான்.

தயாரித்த பதில் எல்லாம் வீணாகப் போனதில் ஷெர்லி தடுமாறினாள். அவன் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் நெற்றியெல்லாம் வியர்வை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான். வந்த கோபத்தை அடக்குகிறான் என்று அவளுக்குப் பட்டது. பாவம், இவ்வளவு சேலையையும் இனி இவன்தானே மடிக்கணும். இந்தப் பச்சையை மட்டுமாவது எடுத்துக்கொண்டால் என்ன?

அவள் கை பச்சைச் சேலைப் பக்கம் போனது. அதே நேரத்தில் அவன் கையும் அதை எடுத்துக்காட்ட நீண்டது. இரண்டு கையும் பாதி வழியில் நின்றன. இரண்டு பேரும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

“அப்ப நான் வாறேன்,” என்றாள் ஷெர்லி. நாக்கு நுனிவரை வந்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடித்து அடித்து, தானாகவே அடங்கியது. இப்படி அடங்கும் என்பதே இவ்வளவு காலமாக அவளுக்குத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள்.

“மேடம், பிளஸ் டூவுக்கு நான் எடுக்கேன். தெரியாதத கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டு மறுநாள் படிச்சிட்டு வந்து சொல்லிக் குடுப்பேன்.”

“நாங்க எல்லாரும் அப்படித்தானே மக்களே எடுக்கோம்,” என்று செல்லமாகச் சொன்னார் தலைமையாசிரியை.

ஷெர்லி சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

கடை மாடியில் பிரைட்டன் சேலைகளை மடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு மூலைக்குப் போய் போனில் பேசிக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் அவன் குரல் தழுதழுத்தது.

“இன்னைக்கு ஒரு அக்கா கடையையே பிரிச்சுப் போட வச்சிட்டு, ஒண்ணும் வாங்காம போயிட்டாங்க. வாங்காம போறவங்கள பஸ் ஸ்டாண்டு வரை துரத்திட்டுப் போனவன் நான். இன்னைக்கு நீங்க சொன்னதுபோல கெஞ்சல, பின்னால ஓடல, நமக்குத்தான் விக்கத் தெரியலன்னு அழவும் இல்ல. அவங்க வாங்காம போனதுக்கு அவங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், இல்லியா அஸ்வதி மேடம்?”