கரிப்பொடி

பேட்டரிக்குள் வைக்கும் கரிய பொடியின் ஒவ்வொரு துகள்மேலும் மெல்லிய பூச்சு ஏறிவிட்டால் பேட்டரி சீக்கிரம் சாகாது. ஹெப்சிபாவுக்கு அந்தப் பூச்சு ஒரே ஒரு முறைதான் சரியாக வந்தது. அன்று ஆய்வகத்தில், கையில் சொட்டுக்குழாயும் காதில் போனுமாக, கணவன் சாமுவேலோடு சண்டை போட்டுக்கொண்டே பொடியில் கரைசலை விட்டிருந்தாள். "அந்தக் கரிப்பொடியையே கட்டிக்கிட்டு அழு" என்று போனை வைத்தவன் அதோடு ஊருக்குப் போய்விட்டான். அன்றைய பேட்டரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்து அளந்து பூசியதெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே பொடி, அதே கரைசல், அதே உலை. என்ன எழவுதான் குறைகிறது? யோசித்து யோசித்துப் பார்த்ததில், அன்று இருந்து இன்று இல்லாதது அந்தச் சண்டை ஒன்றுதான். மாதக்கணக்கில் பேசாதவனுக்கு, சொட்டுக்குழாயைக் கையில் பிடித்தபடியே போன் போட்டாள். "அன்னிக்குத் திட்டினீங்கல்ல, அதே மாதிரி ஒருதரம் திட்டுங்க. ஏன்னு கேக்காதீங்க." அவன் யாரோ தெரியாதவர்களிடம் பேசுவதுபோலத் தன்மையாகச் சொன்னான்: "எனக்கு இப்ப உம்மேல கோபமே இல்ல ஹெப்சி." குழாய் நுனியில் திரண்ட சொட்டு விழாமல் அப்படியே நின்றது.