நேரடி விமானம்

எழுபத்திரண்டு நாடுகளில் கால் பதித்த அந்த மாமனிதருக்கு ஈடாக இந்தப் பூமி இன்னொருவரைக் காணப்போவதில்லை என்று பயண முகவர் சங்கத் தலைவர் முழங்கினார். அவற்றில் நாற்பது நாடுகளில் அவர் விமான நிலையக் கழிவறையைத் தாண்டியதில்லை என்பது மாமனிதரின் மனைவிக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இறந்த அந்தப் பயண முகவரின் உடலுக்காக வீடே காத்திருந்தது. மாலைகள் வாடத் தொடங்கின.

"அண்ணி, காலையிலேயே வந்திருக்கணுமே! டிக்கெட் யார் போட்டது?" என்றான் இறந்தவரின் தம்பி.

"நான்தான் தம்பி. உங்க அண்ணன் கம்ப்யூட்டர்லயே போட்டேன்."

"நேரடி விமானம்தானே?"

"எங்கம்மா செத்தப்போ அப்படிச் சொல்லித்தான் எனக்கும் டிக்கெட் கொடுத்தார். மூணு ஊர்ல இறங்கி ஏறினேன். போய்ச் சேர்ந்தப்போ அம்மாவோட செருப்புதான் இருந்துச்சு. அழுதேன். 'மூணு ஊரைச் சும்மாவே பார்த்துட்டியே, அதிர்ஷ்டக்காரி'ன்னார்."

தம்பி எழுந்து அவள் அருகே வந்தான். "அண்ணன் இப்ப எங்கே அண்ணி?"

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். "ரெண்டாவது ஊர்ல. பார்க்கட்டுமே, சும்மாதானே!"

எழுபத்திரண்டு நாடு கண்டவர், அந்த ஊர் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில், ஒரு சலவை இயந்திரத்துக்கும் ஒரு நாய்க்கூண்டுக்கும் நடுவே, பதினோரு மணி நேரமாக அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார்.