நாற்பது பக்க மனு

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அன்று நடந்த நடையை நேராக நடந்திருந்தால் அடுத்த ஊரே வந்திருக்கும்.

“உக்காருங்கண்ணே. பிள்ளையைப் பறிகொடுத்த நானே உக்காந்திருக்கேன்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

குழந்தை எந்நேரமும் அழுகிறது, தாய் அடிக்கிறாள் என்று யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தை நம்பி அதிகாரிகள் அவள் மகனைக் கொண்டுபோயிருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள். பிள்ளை போய் அந்த வீடு அடங்கியதிலிருந்து டைப்பிஸ்டுக்குத் தூக்கமே இல்லை. நாற்பது பக்க மனுவை அவரே அடித்துக் கொடுத்திருந்தார்.

குமாஸ்தா கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பல்லு முளைக்கிற வலியிலதான் அழுதான்னு டாக்டர் எழுதியிருக்கார். ஆனா இது மட்டும் போதாதும்மா. புகார் எழுதினவரே வந்து பொய்னு சொன்னா, பிள்ளை நாளைக்கே வீட்டுக்கு வந்துடும். மொட்டைக் கடுதாசிக்காரனை எங்க போய்த் தேட?”

“அந்தப் பாவி எதுக்கு சார் இங்க வரப்போறான்? அவன் கை விளங்குமா?”

டைப்பிஸ்டின் நடை நின்றது.

“அவன் வந்து ஒரு மணி நேரமாச்சு, தங்கச்சி,” என்றார். பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க சார். பகல் தூக்கம் கெட்ட ஆத்திரத்துல அடிச்ச கடுதாசி அது.”