வேவு பார்க்க வந்தவள்

"அந்தப் பச்சைச் சுடிதார்க்காரி உன் கிளாசுக்கும் வந்துட்டாளா, தங்கச்சி?"

எடுத்த எடுப்பிலேயே முத்துசெல்வம் போனில் கேட்டார். கோவில்பட்டியில் வெகு காலமாக யோகா வகுப்பு நடத்துகிறவர். ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெயப்பிரியா துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"நேத்து வந்தாவ அண்ணாச்சி. வள்ளிமயில்னு பேரு சொன்னாவ. ஏன்?"

"என் இடத்துக்கு ரெண்டு நாளு வந்தா. அதுக்கு முன்னாடி கோபாலசாமி வாத்தியாரு மொட்டை மாடி கிளாசுக்குப் போயிருக்கா. ஒரு இடத்துலயும் நிலைக்கல. மதுரைக்காரன் ஒருத்தன் இங்கன பெரிய யோகா சென்டரு தொறக்கப் போறாம்லா? அவன் வேவு பாக்க அனுப்புன ஆளுதான். சூதானமா இருந்துக்கோ."

ஜெயப்பிரியாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. உரக்கடைக்கு மேலே இந்த ஹாலைப் பிடித்து, கீழேயிருந்து ஏறிவரும் பூச்சிமருந்து நெடியைச் சாம்பிராணி போட்டு அமுக்கி, வருகிற நாலைந்து பெண்களைத் தக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஏசி போட்ட சென்டர் வந்துவிட்டால் அவர்களும் அங்கே போய்விடுவார்கள். அப்புறம் பழையபடி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பதினோரு மணி வகுப்புக்கு வள்ளிமயில் வந்தாள். நேற்று போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார், கசங்கிய துப்பட்டா. நாற்பது வயது இருக்கும். செல்போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

"போனை சைலண்டுல போட்டுருங்கக்கா."

"அது மட்டும் முடியாது டீச்சர். கூப்பிட்டா உடனே ஓடணும்."

யார் கூப்பிடப் போகிறார்கள்? மதுரைக்காரன்தான். ஜெயப்பிரியா அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு எந்த ஊருக்கா?"

"விளாத்திகுளம் பக்கம். எங்க வீட்டுக்காரவியளோட இங்கன வந்திருக்கேன். எப்பத் திரும்புவோம்னு தெரியல."

"மத்த கிளாசுக்கும் போனீயளாமே. அங்கன என்ன குறை கண்டீய?"

மழுப்புவாள் என்று ஜெயப்பிரியா எதிர்பார்த்தாள். வள்ளிமயில் மழுப்பவில்லை.

"வாத்தியாரு மாடியில வெயிலு மூஞ்சியிலயே அடிக்குது. முத்துசெல்வம் அண்ணாச்சி நல்லாத்தான் சொல்லித்தாராவ. ஆனா கடைசியில படுக்கச் சொல்லிட்டு, படுத்ததும் மணியடிச்சு எழுப்பி விட்டுருதாவ. உங்க கிளாசுல அது பத்து நிமிசம்லா, டீச்சர்?"

ஒரே நாளில் நிமிஷம் வரைக்கும் அளந்து வைத்திருக்கிறாளே! ஜெயப்பிரியாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"ஆமா. பத்து நிமிசம்தான்," என்றாள் விறைப்பாக.

வகுப்பு தொடங்கியது. வள்ளிமயில் கடனே என்று கையைத் தூக்கினாள், கடனே என்று குனிந்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்து விடச் சொன்னால் கொட்டாவி விட்டாள். யோகா கற்க வந்தவள் லட்சணம் எதுவுமே அவளிடம் இல்லை.

இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று ஜெயப்பிரியா முடிவு கட்டினாள். மற்றவர்கள் போகட்டும். கையெடுத்துக் கும்பிட்டு, எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

"எல்லாரும் மல்லாந்து படுங்க. கண்ணை மூடுங்க. கால் விரலைத் தளர விடுங்க..."

சொல்லி முடிப்பதற்குள் வள்ளிமயில் படுத்துவிட்டாள். போனைக் காதோரமாக வைத்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள்.

நேரம் ஆனதும் ஜெயப்பிரியா எழுந்திருக்கச் சொன்னாள். பெண்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். மதியச் சமையலைப் பற்றிப் பேசியபடியே படியிறங்கினார்கள். வள்ளிமயில் மட்டும் அசையவில்லை.

ஆட்கள் போனபிறகு ஹாலைச் சாவகாசமாக நோட்டம் விடலாம் என்று பாசாங்கு பண்ணுகிறாள்! 'உங்களை யாரு அனுப்புனா?' கேட்க வேண்டியதை ஜெயப்பிரியா மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"யக்கா."

தோளைப் பிடித்துப் பலமாக உலுக்கினாள்.

வள்ளிமயில் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கண் சிவந்து திறந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் பிடிபடவில்லை. கை காற்றில் எதையோ துழாவியது.

"தூங்கல சிஸ்டர்... முழிச்சுத்தான் இருக்கேன். அவியளுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிட்டா?"

ஜெயப்பிரியா கீழே கிடந்த போனைப் பார்த்தாள். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

வள்ளிமயிலின் தோளைப் பிடித்து மெல்லப் பாயில் சாய்த்தாள்.

"இன்னும் பாதி கெடக்குக்கா. நீங்க தூங்குங்க."